செத்த மாவு

லாக்கப்புக்குள் இருந்த நஞ்சம்மா அழவில்லை. திம்மப்பனுக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான். அழுகிறவளாக இருந்தால் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம், பொய் அழுகையா நிஜ அழுகையா என்று எடை போடலாம். இவளோ முழங்காலைக் கட்டிக்கொண்டு, அடுக்கி வைத்த விறகு போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே மூன்றாவது நாளாக மழை விடவில்லை.

"நாலு மணி பஸ்ல கிருஷ்ணகிரி கொண்டு போறோம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "மாஜிஸ்ட்ரேட் முன்னால இதையே இன்னொருக்கா சொல்லிட்டாள்னா சேலம் ஜெயில். அதுக்கப்புறம் கயிறுதான். நீங்க எதுக்கு இந்த மழையில மெனக்கெட்டு வந்தீக?"

அவர் கடலோரச் சீமைக்காரர். இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ராகிக் களியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், கன்னடத்தைக் கேட்டால் தலைவலி என்பார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஒரு பலகை எழுதி அவர் தலைக்கு மேலே மாட்டலாமே என்று திம்மப்பன் நினைத்துக்கொண்டான்.

துப்பறியும் ராஜப்பன் பதில் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ராஜப்பனுக்கு ஐம்பது வயது. ஒல்லி உடம்பு, வாயைத் திறந்தால் வரி போடுவார்களோ என்று பயப்படுகிறவர் போலப் பேச்சு. அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கென்றே கூட இருப்பவன் திம்மப்பன். கன்னடம் புழங்குகிற தளி ஊர்க்காரன். எட்டு வருஷம் ஓசூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

கடிதம் முந்தின நாள் மாலை பஸ் டிரைவர் கையில் வந்தது. "நஞ்சம்மா இதைச் செய்யவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவளை எப்படியாவது காப்பாற்றுங்கள்" என்று எழுதி, சரோஜம்மாள் என்று கையெழுத்துப் போட்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு உச்சுக் கொட்டினார். "செத்தது இந்த அம்மா புருஷன். கொன்னவளுக்கு இந்த அம்மாவே சிபாரிசு. நல்ல மனசு, வேற என்ன சொல்ல?"

நடந்ததை அவரே சொன்னார். உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் கிருஷ்ணப்பனுக்கு ஒரு மால்ட் மில் இருந்தது. ராகியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, டின்னில் அடைத்துப் பெங்களூருக்கு அனுப்புவார். பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் கஞ்சி மாவு. ஒன்றரை வருஷமாக அவருக்கே தொண்டையில் புற்று. நீர்த்த கஞ்சியைத் தவிர எதுவும் உள்ளே இறங்காது. மில்லில் முளை ராகி உலர்த்துகிற நஞ்சம்மாதான் தினமும் காலையில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவாள். நேற்று ஏழு மணிக்குக் கஞ்சி குடித்தவர் பத்து மணிக்கு மூச்சை விட்டுவிட்டார். வெள்ளித் தம்ளரில் மிச்சமிருந்த கஞ்சியில் அபின் நெடி. வலிக்காக டாக்டர் சொட்டுக் கணக்கில் கொடுத்திருந்த அபின் மருந்துச் சீசா அடுப்புச் சாம்பலில் காலியாகக் கிடந்தது.

"முந்தா நாளு, புதன்கிழமை, இவ ஒரு ஈடு மாவைக் கெடுத்துப்புட்டா. மொதலாளி கைத்தடியால மாவுத் தட்டைத் தள்ளிவிட்டு, வெளியே போன்னு சைகை காட்டியிருக்காரு. மில்லு ஜனமே பார்த்திருக்கு. போதாததுக்கு வாயாலயே ஒத்துக்கிட்டா. கேளுங்க." சப்-இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை எடுத்துப் படித்தார். "அவர் செத்துப்போனார். நான்தான் சாகடித்தேன். சூடு அதிகம் வைத்துச் சாகடித்தேன்."

"அபின்ல செத்தவருக்குச் சூடு எதுக்குங்க?" என்றான் திம்மப்பன். "கஞ்சி குடுத்தாளா, காளை மாட்டுக்குச் சூடு போட்டாளா?"

"சூடான கஞ்சியில கலந்தேன்னு அர்த்தம் வே. பயத்துல வார்த்தை முன்னப் பின்ன வரும்."

"அவளுக்குத் தமிழ் வராதே. வாக்குமூலம் தமிழ்ல இருக்குதே?"

சப்-இன்ஸ்பெக்டர் மூலையில் நின்ற கான்ஸ்டபிள் கரியப்பனைக் காட்டினார். அவள் கன்னடத்தில் சொன்னாள், கரியப்பன் தமிழில் சொன்னான், ரைட்டர் எழுதினான். திம்மப்பன் கரியப்பன் பக்கம் திரும்பினான். "அவ வாயில வந்த வார்த்தையை அப்படியே சொல்லு பார்ப்போம்."

கரியப்பன் யோசித்தான். "'சத்தோய்த்து. நானே சாயிஸ்பிட்டே.' இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னா."

திம்மப்பன் தொடையில் தட்டிக்கொண்டான். "சாயிஸ்பிட்டேன்னா 'சாகடிச்சுட்டேன்', சரி. ஆனா சத்தோய்த்துன்னா 'செத்துப்போச்சு'ங்க சார். ஆட்டைச் சொல்லலாம், மாட்டைச் சொல்லலாம், வாடிப்போன பயிரைச் சொல்லலாம். சோறு போட்ட மொதலாளியைச் சொன்னா நாக்கு அழுகிடும்னு பயப்படுவாங்க எங்க ஊர்ல. அவருன்னா 'சத்தோதரு'ன்னு வரணும். நான் எங்க மாமியார்கூடச் சண்டை போடறப்போகூட மரியாதையாத்தான் திட்டுவேன்."

"கொலைகாரி மரியாதை பார்ப்பாளா?"

"பார்க்க மாட்டா சார்," என்று முதல் தடவையாக வாய் திறந்தார் ராஜப்பன். "ஆனா எது செத்துச்சுன்னு யாருமே அவளைக் கேட்கலையே."

அவர் கம்பிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கேள்வியைத் திம்மப்பன் கன்னடத்தில் கேட்டான். நஞ்சம்மா நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு சுலபமான விஷயத்தை இரண்டு ஆம்பிளைகள் கேட்கிறார்களே என்ற வியப்பு அவள் முகத்தில் தெரிந்தது.

"மாவு, சாமி," என்றாள். "மழைக்கு வெயிலில்லே. அடுப்பு மேல தகரம் போட்டு முளை ராகியை உலர்த்தினேன். தீ ஜாஸ்தி ஆயிட்டுது. மாவு செத்துப்போச்சு. செத்த மாவுக் கஞ்சி நீர்க்காது, கட்டியா நிக்கும். நேத்து அந்தக் கஞ்சியை அடுப்படியில வெச்சுட்டு, இறங்காதுன்னு சரோஜக்காகிட்ட சொல்லிட்டு நான் கொட்டகைக்குப் போயிட்டேன். வேற இல்லாம அக்கா அதையே குடுத்திருக்கணும். தொண்டையில அடைச்சுட்டுது. என் கஞ்சிதான் அவரைக் கொன்னுது. என்னைக் கூட்டிப் போகட்டும் சாமி."

திம்மப்பன் அதைத் தமிழில் சொல்லி முடித்தான். அபின் என்ற பேச்சே அவள் காதில் ஏறவில்லை. மாஜிஸ்ட்ரேட் கேட்டாலும் இவள் தலையைத்தான் ஆட்டுவாள். செய்யாத குற்றத்துக்குத் தானே நடந்து போய்க் கழுத்தை நீட்டப் போகிறாள்.

"பார்த்தீகளா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "எப்படிச் சுத்தினாலும் அவ வாயில அதுதானே வருது."

ராஜப்பன் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். தம்ளரில் மிச்சமிருந்த கஞ்சியை ஒரு சீசாவில் ஊற்றி, தக்கை வைத்து அரக்கு முத்திரை போட்டிருந்தார்கள். அவர் சீசாவைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே இருந்தது வடிகஞ்சி போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. தக்கையைச் சுற்றிச் சிற்றெறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க எப்பவாவது ராகிக் கஞ்சி குடிச்சிருக்கீங்களா சார்?"

"என் ஜாதகத்துல அந்தக் கண்டம் இல்லை."

"நாலு மணி வரைக்கும் அவளை அனுப்பாதீங்க," என்று சொல்லிவிட்டு ராஜப்பன் குடையை எடுத்துக்கொண்டார்.

மில்லுக்கு அரை மைல் சேற்று வழி. நடக்கும்போதே திம்மப்பன் ஆரம்பித்தான். "அண்ணா, கஞ்சி நீர்க்கலைன்னு அவ சொல்றா. சீசாவுல தண்ணியா ஓடுது. பொய் சொல்றது அவளா, சீசாவா?"

"ரெண்டும் பொய் சொல்லலைன்னு வெச்சுக்கோ. அப்போ?"

"அப்போ எனக்குத் தலை சுத்துது."

மில் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட நீளக் கொட்டகை, ஒரு அரவை இயந்திரம், முளைகட்டிய ராகியைப் பரப்பிய ஈரச் சாக்குகள், அவ்வளவுதான். வாசலில் துக்கம் கேட்க வந்த ஒன்றிரண்டு பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். உடல் இன்னும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை.

சரோஜம்மாள் உள்கூடத்தில் காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒன்றரை வருஷம் நோயாளியைப் பார்த்துக்கொண்டவளின் கண். ராஜப்பன் கும்பிட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நஞ்சம்மா ஏதாச்சும் சாப்பிட்டாளாங்க?"

"இல்லைம்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து கஞ்சி குடிக்கறப்போ அவர் நெஞ்சு மேல துண்டு போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார் ராஜப்பன்.

"எப்பவும் போல நேத்தும் போட்டேன். அதோ கிடக்குதுங்க."

கட்டில் கம்பியில் வெள்ளைத் துண்டு மடித்துப் போட்டபடி தொங்கியது. ராஜப்பன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டார். ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. திம்மப்பனுக்கு அதில் என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை. சுத்தமான துண்டு சுத்தமான துண்டுதானே.

கொட்டகையில் நஞ்சம்மாவின் புருஷன் மாதப்பன் அரவை இயந்திரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். வேலை எதுவும் நடக்கவில்லை. நிற்க இடம் வேண்டுமே என்று நின்றான். ராஜப்பன் அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். மாவு செத்துப்போவது என்றால் என்ன?

மாதப்பனுக்கு வேலையைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் உயிர் வந்தது. "முளை விட்டா ராகிக்குள்ள ஒரு உசுரு பிறக்குதுங்க. அந்த உசுருதான் மாவுப் பசையைத் தின்னு சக்கரையா மாத்தறது. கஞ்சி தண்ணியா நீர்த்துப் போறதும், வெல்லம் போடாமயே தித்திக்கறதும் அதனாலதான். பச்சைத் தண்ணியில கரைச்சா அது தூங்கும், ஒண்ணும் நடக்காது. விரல் வெச்சா பொறுக்கற சூட்டுல எழுந்து வேலை செய்யும். கொதி வந்தா செத்துடும். உலர்த்தறப்போ தீ மிஞ்சினாலும் அதே கதிதாங்க. செத்த மாவு களி கிண்ட ஆகும், சீக்காளிக்கு ஆகாது."

"டாக்டருங்க இதுக்கு என்சைம்னு பேர் வெச்சிருக்காங்க, திம்மா," என்றார் ராஜப்பன். "இவங்க உசுருங்கறாங்க. இவங்க வெச்ச பேர்தான் எனக்குப் புரியுது."

"அடுப்படி டின்னுல இருக்கறது எந்த மாவு?" என்று கேட்டான் திம்மப்பன்.

"செத்ததுதாங்க. பழைய மாவு புதன்கிழமையே தீர்ந்துட்டுது. மொதலாளி கோவிச்சுக்கிட்டார்னு அவ அழுதுகினே அதையே டின்னுல கொட்டினா. வேற மாவு வூட்ல இல்லே."

அடுப்படியில் நேற்றைய பானை அப்படியே இருந்தது. போலீஸ் தம்ளரையும் சீசாவையும் எடுத்துக்கொண்டு போனதோடு சரி. பானைக்குள் கஞ்சி களியாக இறுகி, வறண்ட ஏரி போல மேலே வெடித்திருந்தது. ஒரு ஓரத்தில் ஒரு கரண்டி அளவு மட்டும் வெட்டி எடுத்த பள்ளம். ஒரு எறும்புகூட இல்லை.

திம்மப்பன் பள்ளத்தையே பார்த்தான். "ஒரு கரண்டி எடுத்துத் தண்ணி ஊத்திக் கரைச்சிருப்பாங்க, அண்ணா. அதான் சீசாவுல தண்ணியா ஓடுது."

"தண்ணி ஊத்தினா மாவு அடியில தங்கும், தண்ணி மேல நிக்கும். சீசாவுல அப்படி இருந்துச்சா? சக்கரை போட்டிருந்தா எறும்பு வரும், ஆனா கஞ்சி நீர்க்காது. இது நீர்த்தும் இருக்குது, எறும்பும் வந்திருக்குது." ராஜப்பன் மாதப்பன் பக்கம் திரும்பினார். "செத்த கஞ்சிக்கு மறுபடியும் உசுரு குடுக்க வழி இருக்குதா?"

"இருக்குதுங்களே. வெதுவெதுன்னு இருக்கறப்போ ஒரு கரண்டி உசுரு மாவைப் போட்டுக் கலக்கினா போதும். கட்டியா இருக்கறதெல்லாம் கண்ணு முன்னாடியே தண்ணியாப் போயிடும்."

"அந்த உசுரு மாவு இந்த ஊர்ல எங்க இருக்குது?"

மாதப்பன் யோசித்தான். பெங்களூர் வியாபாரிக்கு மாதிரி காட்டப் போன மாதம் மூன்று டின் அடைத்து அரக்கு வைத்தார்கள். அது ஆபீஸ் அறை பீரோவில் இருக்கிறது. சாவி அக்காவிடம்.

திம்மப்பன் உள்கூடத்துக்குப் போய்ச் சாவியைக் கேட்டான். எதற்கு என்று சரோஜம்மாள் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து கொத்தை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள். அவள் கை ஐஸாக இருந்தது. துக்க வீட்டில் எல்லார் கையும் அப்படித்தான் இருக்கும் என்று அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பீரோவிலிருந்து டின்களை எடுத்து வந்த மாதப்பன் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டான். "ஒரு டின்னு அரக்கு உடைஞ்சிருக்குதுங்க. மேல ஒரு கரண்டி எடுத்த குழி."

"திருடன் மாட்டிக்கிட்டான்!" என்றான் திம்மப்பன். "பீரோவைத் திறந்த கை எதுன்னு கண்டுபிடிச்சா போதும், நம்ம நஞ்சம்மா ராத்திரிச் சாப்பாடு வூட்ல."

ராஜப்பன் அடுப்பை மூட்டச் சொன்னார். பானையிலிருந்த நேற்றைய கஞ்சியில் ஒரு கரண்டியை வெட்டிப் போட்டுச் சுடவைத்து, உடைந்த டின்னிலிருந்து ஒரு கரண்டி மாவைத் திம்மப்பன் கலக்கினான். கலக்கிக்கொண்டே இருந்தான். கஞ்சி பசை போல அசையாமல் நின்றது. அவன் முகம் தொங்கிவிட்டது.

மாதப்பன் விரலால் தொட்டு நக்கினான். "புளிச்சுட்டுதுங்க. ஒரு நாள் ஆச்சில்லே? புளிப்பு ஏறினா உசுரு முடங்கிடும். புதுசாக் காய்ச்சணும்."

"நேத்துக் காலையில புளிச்சிருக்காது," என்றார் ராஜப்பன்.

அடுப்படி டின்னின் செத்த மாவைக் கரைத்துப் புதிதாகக் காய்ச்சினார்கள். கெட்டியாக, கரண்டியை நட்டால் நிற்கிற மாதிரி வந்தது. மாதப்பன் இறக்கி வைத்து, விரல் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து, ஒரு கரண்டி உசுரு மாவைப் போட்டான். திம்மப்பன் துடுப்பைச் சுழற்றினான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு துடுப்பு இலேசானது. ஐந்தாறு நிமிஷத்துக்குள் கட்டியெல்லாம் உருகி, ஸ்டேஷன் சீசாவில் ஓடியதே, அதே மாதிரி ஓடியது. நாக்கில் வைத்தால் இனிப்பு.

"ஆகா!" என்று கூவினான் திம்மப்பன். "இதேதான் அண்ணா அந்தச் சீசாவுல இருந்தது! நஞ்சம்மா கஞ்சி, அது மேல வேற ஒரு கை போட்ட ஒரு கரண்டி. அந்தக் கைதான் அபினையும் ஊத்துச்சு. நஞ்சம்மாகிட்ட பீரோ சாவி ஏது? முடிஞ்சுது கதை!"

ராஜப்பன் சிரிக்கவில்லை. அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "விஷம் வைக்கப் போற கைக்கு இந்த ஒரு கரண்டி எதுக்கு, திம்மா?"

திம்மப்பன் துடுப்பைக் கீழே வைத்தான்.

விஷம் வைக்கிறவனுக்குக் கஞ்சி கட்டியாக இருந்தால் என்ன, நீர்த்திருந்தால் என்ன? இந்தக் கை பூட்டிய பீரோவைத் திறந்து, முத்திரை போட்ட டின்னை உடைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்குக் காத்திருந்து, பொறுமையாகக் கலக்கியிருக்கிறது. சாகப் போகிறவருக்குத் தொண்டையில் வலிக்கக் கூடாதே என்று பார்த்திருக்கிறது. துண்டு திம்மப்பனுக்கு இப்போதுதான் விளங்கியது. அபின் கசப்பு. தெரியாமல் குடிக்கிறவன் முதல் மடக்கிலேயே துப்பியிருப்பான். இவர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் விழுங்கியிருக்கிறார். என்ன குடிக்கிறோம் என்று தெரிந்தே குடித்திருக்கிறார்.

"வேணாம் அண்ணா," என்றான் திம்மப்பன், தன்னை அறியாமல். "அந்த அம்மாதானே நம்மளைக் கூப்பிட்டாங்க."

"நிச்சயமாத் தெரியும்னு எழுதியிருந்தாங்க. வேற யாருக்குத் தெரியும் நிச்சயமா?"

இருவரும் உள்கூடத்துக்குப் போனபோது மணி மூன்று. திம்மப்பன் சாவிக் கொத்தைச் சரோஜம்மாள் முன்னால் தரையில் வைத்தான்.

"நீர்த்துச்சாங்க?" என்று கேட்டாள் அவள்.

"நீர்த்துச்சும்மா," என்றார் ராஜப்பன்.

அவள் கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "பேச்சு நின்னதுல இருந்து சிலேட்டுல எழுதிக் காட்டுவாருங்க. ஒரு மாசமா ஒரே வார்த்தை. 'போதும்.' நான் அழிச்சுடுவேன். மறுபடியும் எழுதுவாரு. தண்ணி குடுத்தாலே நரம்பெல்லாம் முறுக்கிக்கும். புதன்கிழமை அவருக்கு மாவு மேல கோவம் இல்லீங்க. நாளைக்கும் முழுங்கணுமேன்னு கோவம். நேத்துக் காலையில நஞ்சம்மா வந்து கஞ்சி இறங்காதுக்கான்னா. அவரு என்னைப் பார்த்துக் கும்பிட்டாரு. தாலி கட்டினவரு என்னைக் கும்பிட்டாருங்க."

"அதுக்காகத்தான் டின்னை உடைச்சீங்க."

"கட்டியாக் குடுத்தா அடைச்சு அடைச்சு வேதனைப்பட்டுப் போவாரே. கடைசியாக் குடிக்கறது சுகமா இறங்கட்டும்னு பார்த்தேன். பாதிதான் அவருக்குக் குடுத்தேன். மீதி எனக்குன்னு வெச்சிருந்தேன். அவரு தூங்கட்டும், மூச்சு நிக்கட்டும், அப்புறம் குடிக்கலாம்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பத்து மணிக்கு நின்னுது. தம்ளரை வாய்க்கிட்ட கொண்டு போனப்போ நஞ்சம்மா கதவைத் தட்டிட்டா. அதோட தம்ளரைக் கீழே வெச்சுட்டேன். அவரு பக்கத்துல செத்திருந்தா பயமில்லே. தனியா, ஜெயில்ல, கயித்துல..." அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அவளைப் பிடிச்சுக்கிட்டுப் போறப்போ நான்தான்னு சொல்ல வாய் எடுத்தேன். வரலை. அதான் உங்களுக்கு எழுதினேன். அவளை வெளியே கொண்டு வந்துடுவீங்க, என்னை விட்டுடுவீங்கன்னு ஒரு நப்பாசை."

மாதப்பன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அழுதான். யாருக்காக என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"அம்மா," என்றார் ராஜப்பன். அவர் குரல் அவ்வளவு தணிந்து திம்மப்பன் கேட்டதில்லை. "அந்த ஒரு கரண்டி மாவுதான் நஞ்சம்மாவைக் காப்பாத்தும். அது எந்த பீரோவுல இருந்து வந்துச்சுன்னு சொல்லாம அதைச் சொல்ல முடியாது. நான் போய்ச் சொன்னா நான் பிடிச்சுக் கொடுத்ததா ஆகும். நீங்க சொன்னா நீங்க சொன்னது. ரெண்டுக்கும் கோர்ட்டுல கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ரொம்ப இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். பஸ் நாலு மணிக்கு."

திம்மப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ராஜப்பன்மேல் கோபப்பட முடியாது, நஞ்சம்மாமேல் முடியாது, இந்த அம்மாமேல் சுத்தமாக முடியாது. எட்டு வருஷம் பஸ்ஸில் எத்தனையோ பேரை வழியில் இறக்கிவிட்டிருக்கிறான். இப்படி ஒருத்தியை ஏற்றிவிட வேண்டி வந்ததில்லை.

சரோஜம்மாள் எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள். வேறு புடவை மாற்றவில்லை. மாதப்பனிடம் சாவிக் கொத்தைக் கொடுத்து, "ஊறப் போட்ட ராகி நாளைக்கு முளை விட்டுடும். பார்த்துக்கோ," என்றாள். குடை வேண்டாம் என்றுவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். திம்மப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை முழுதும் கேட்டார். முதல் தடவை நம்பவில்லை. இரண்டாம் தடவை மாவு விஷயத்தைத் திம்மப்பன் விளக்கியபோது அலமாரிச் சீசாவை எடுத்துத் தானே சாய்த்துப் பார்த்தார். பழைய வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார். "'போச்சு'ன்னதைப் 'போனார்'னு மாத்தின ஒரு வார்த்தையில..." என்றார். விலங்கோடு வந்த கரியப்பனைப் பார்த்துக் கையைக் காட்டி வேண்டாம் என்றார்.

பஸ் வந்து நின்றது. மழைக்குப் படுதாவெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். லாக்கப்பைத் திறந்து நஞ்சம்மாவை வெளியே விட்டதும் அவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த மாதப்பன் அவள் கையைப் பிடித்து, நடந்ததைக் கன்னடத்தில் அவசர அவசரமாகச் சொன்னான். பஸ் படிக்கட்டில் காலை வைத்துவிட்ட சரோஜம்மாளை நஞ்சம்மா அப்போதுதான் பார்த்தாள்.

ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்தாள். திட்டப் போகிறாள் என்று திம்மப்பன் நினைத்தான். ஒரு நாளும் ஒரு ராத்திரியும் தூக்குக் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் திட்டினால் நியாயம்தான். கண்டக்டர்கூட விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அக்கா," என்றாள் நஞ்சம்மா. "கஞ்சி இறங்குச்சா?"

சரோஜம்மாள் அவளைப் பார்த்தாள். "இறங்குச்சு நஞ்சம்மா," என்றாள். "நல்லா இறங்குச்சு."

நஞ்சம்மா முந்தானையை விட்டாள். அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.